நாளுக்கொரு நூல்: பண்டிகைக்காலப் பரிசுகளின் கணக்கும் கட்டுப்பாடும்

ஐரோப்பாவில் டிசம்பர் மாதம் பிறந்ததும் புத்தகப் பதிப்பாளர்கள் பலர் ஒரு வேலையைத் தொடங்குவார்கள். டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கு ஒரு புத்தகம் இலவசம் என்பதுதான் அது. காலையில் அன்றைய நூல் எதுவென்று தமது இணையத்தளத்திலோ முகநூல் பக்கத்திலோ அறிவிப்பார்கள். கூடவே ஒரு சின்னக் கேள்வி இருக்கும். விடையையும் பெயரையும் அனுப்பினால் அன்றைய சீட்டிழுப்பில் நமது பெயரும் சேர்ந்துவிடும். நள்ளிரவோடு அன்றைய கதவு மூடப்படும். மறுநாள் வேறு நூல், வேறு கேள்வி.

நான் 30 வருடங்களுக்கு மேலாகப் புத்தகங்களும் கொப்பி, பேனை முதலான காகிதாதிகளும் விற்பவன். எனது சகோதரியின் மகன் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் குடும்பத்தோடு இருக்கிறார். அவருக்கு இந்தப் போட்டிகளில் கலந்துகொள்வது ஒரு பொழுதுபோக்கு. இரண்டு டிசம்பர்களாக நானும் தொலைபேசியில் அவரைக் கேட்டுக் கேட்டு, கேள்விகளையும் நிபந்தனைகளையும் வாசிக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டேன். இங்கிருந்து நாம் கலந்துகொள்ள முடியாது. அநேகமான பதிப்பாளர்கள் தமது நாட்டு முகவரி உள்ளவர்களுக்கு மட்டுமே பரிசு அனுப்புகிறார்கள். கடல் கடந்து அனுப்பினால் தபால் செலவு புத்தகத்தின் விலையை விழுங்கிவிடும் என்பது ஒரு காரணம். நாட்டுக்கு நாடு சட்டம் மாறுவது இன்னொரு காரணம். மருமகனுக்கு இரண்டு வருடத்தில் கிடைத்தது ஒரேயொரு சிறுவர் படப்புத்தகம். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் அவர் காசு கொடுத்து வாங்கிய புத்தகங்கள் பதினொன்று. இந்தக் கணக்கைக் கேட்ட பிறகுதான் இதைப்பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

24 என்ற எண் எங்கிருந்து வந்தது? நத்தாருக்கு முந்திய நாட்களை எண்ணுவது ஜேர்மனியப் புரட்டஸ்தாந்துக் குடும்பங்களின் பழைய வழக்கம். 19ஆம் நூற்றாண்டில் கதவில் சோக்கட்டியால் கோடு போட்டு, நாளுக்கு ஒன்றாகப் பிள்ளைகளைக் கொண்டு அழிக்க வைப்பார்களாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மியூனிக் நகர அச்சாளரான கெர்ஹார்ட் லாங் இதை அச்சிட்ட நாட்காட்டியாக்கி விற்றார். சிறு வயதில் அவரது தாயார் அட்டையொன்றில் 24 இனிப்புப் பண்டங்களைத் தைத்துக் கொடுத்த நினைவில்தான் இந்த யோசனை பிறந்தது என்று சொல்லப்படுகிறது. பிற்பாடு நாட்காட்டியில் சின்னச் சின்னக் கதவுகள் வந்தன. இரண்டாம் உலக யுத்தத்தில் கடதாசித் தட்டுப்பாட்டோடு அந்த வியாபாரம் நின்றுபோனது. யுத்தம் முடிந்த மறுவருடமே, 1946இல், ஸ்டுட்கார்ட் நகரில் ரிச்சர்ட் செல்மர் என்பவர் மறுபடியும் அச்சிடத் தொடங்கினார். குண்டு விழுந்து இடிந்து கிடந்த நகரம் அது. அங்கே தட்டுப்பாட்டுக் கடதாசியில் பிள்ளைகளுக்கான நாட்காட்டியை அச்சிட்டு விற்க ஒருவர் துணிந்தாரே, அந்த மனிதரை ஒரு வியாபாரி என்ற முறையில் நான் மதிக்கிறேன்.

இன்று அந்தக் கதவுகளுக்குப் பின்னால் சொக்லட், தேயிலை, வாசனைத் திரவியம் என்று எல்லாம் இருக்கின்றன. பதிப்பாளர்கள் புத்தகத்தை வைத்தார்கள். பண்டிகை அவர்களுடையது, நமக்கு அதில் பங்கில்லை. ஆனால் வியாபார முறை எவருக்கும் சொந்தமல்ல.

முதலில், ஏன் விலையைக் குறைக்காமல் பரிசு கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஜேர்மனியில் புதிய நூலின் விலையைப் பதிப்பாளர் நிர்ணயித்துவிட்டால் எந்தக் கடையும் அதைக் குறைத்து விற்க முடியாது. நீண்ட கால வழக்கமாக இருந்த இதை 2002இல் தனிச் சட்டமாகவே ஆக்கினார்கள். குறைந்தது 18 மாதங்களுக்கு அந்த விலை கட்டுப்படுத்தும். பிரான்ஸில் 1981இன் சட்டப்படி 5 வீதத்துக்கு மேல் கழிவு கொடுக்க முடியாது. பெரிய கடை விலையை வெட்டிச் சின்னக் கடையை மூடவைக்கக் கூடாது என்பதுதான் இதன் நோக்கம். இங்கிலாந்திலும் 1900ஆம் ஆண்டு முதல் இப்படியொரு ஒப்பந்தம் இருந்தது. 1995இல் பெரிய பதிப்பாளர்கள் அதைவிட்டு விலக, 1997இல் நீதிமன்றமும் அதைச் செல்லாது என்றது. அதற்குப் பிறகு சுப்பர் மார்க்கட்டுகள் பிரபல நாவல்களைப் பாதி விலைக்குப் போட்டன. சிறிய புத்தகக் கடைகள் பல மூடப்பட்டன. ஆகவே விலை குறைக்க முடியாத ஜேர்மனியப் பதிப்பாளருக்கு, நூலின் விலை மதிப்பைக் கெடுக்காமல் வாடிக்கையாளரின் கையைத் தொடுவதற்குப் பரிசு ஒரு வழியாக இருக்கிறது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு சரக்கை 30 வீதக் கழிவில் கொடுத்துவிட்டு, பண்டிகை முடிந்ததும் பழைய விலையைச் சொன்னால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். அவர் மனதில் கழிவு விலைதான் உண்மையான விலையாகப் பதிந்துவிடும். பரிசாகக் கொடுத்த பொருளுக்கு இந்த ஆபத்து இல்லை. 23 பிரதிகள் 1000 ரூபாவுக்கு விற்கும்போது ஒரு பிரதி அதிர்ஷ்டத்தில் ஒருவருக்குப் போனால், எஞ்சிய பிரதிகளின் விலையில் யாரும் குறை காண மாட்டார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு எடுத்த தொகைகள்தான், உங்கள் தொகைகளைப் போட்டுப் பாருங்கள். நூலொன்றின் விலை 1000 ரூபா. அச்சுக்கூலி பதிப்பாளருக்கு 300 ரூபா. தபாலுக்கும் உறைக்கும் 200 ரூபா. 24 நாட்களுக்கு 24 நூல் கொடுத்தால் அவருக்குச் செலவு 12,000 ரூபா. அதே மாதத்தில் 500 பிரதிக்கு 20 வீதம் கழிவு கொடுத்தால் 1 இலட்சம் ரூபா. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அவசரப்பட வேண்டாம். கழிவு கொடுத்தால் அந்த 500 பிரதியும் விற்றுப் பணம் கைக்கு வரும். பரிசு கொடுத்தால் பணம் வருவது நிச்சயமில்லை. பெயரும் முகவரியும் பேச்சும்தான் நிச்சயம். அவற்றைப் பணமாக்கத் தெரியாதவருக்கு 12,000 ரூபாவும் வீண் செலவுதான். இன்னொன்று, நம்மைப் போன்ற சில்லறைக் கடைக்காரருக்கு நூலின் அடக்கம் 300 ரூபா அல்ல. 35 வீதக் கழிவில் வாங்கியிருந்தால் 650 ரூபா. கையில் கொடுப்பதால் தபால் செலவு இல்லையென்றாலும் 24 நூலுக்கு 15,600 ரூபா ஆகிறது. எனவே பரிசு நூலைப் பதிப்பாளரிடம் அல்லது மொத்த வியாபாரியிடம் கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் கொடுப்பார்கள். தமது நூலுக்கு ஒரு நாள் முழுதும் கடை வாசலில் விளம்பரம் கிடைப்பதை எந்தப் பதிப்பாளரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

நாள்தோறும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 24 புத்தகங்களையும் ஒரே நாளில் ஒரே ஆளுக்குக் கொடுத்தாலும் செலவு ஒன்றுதான், ஆனால் ஆட்கள் ஒரு முறைதான் வருவார்கள். நாளுக்கொன்றாகக் கொடுத்தால் இன்று கிடைக்காதவர் நாளை வருகிறார். கேள்வியையும் சும்மா கேட்பதில்லை. கதாநாயகியின் ஊர் எது, இந்த எழுத்தாளரின் முந்திய நூலில் எத்தனை கதைகள் என்று கேட்பார்கள். விடை அந்த நூலைப் பற்றிய அறிமுகக் குறிப்பிலேயே இருக்கும். விடை தேடுபவர் அந்தக் குறிப்பை வாசித்தே ஆக வேண்டும். விளம்பரத்தைக் காசு கொடுத்துப் போட்டாலும் வாசிக்காமல் தாண்டிப் போகிற மனிதர், பரிசுக்காக வரிக்கு வரி வாசிக்கிறார். என் மருமகன் வாங்கிய பதினொரு நூல்களில் ஏழு, பரிசில் கிடைக்காமல் போன நூல்கள்தான். கேள்விக்கு விடை தேடிப் படித்த குறிப்பு ஆசையைக் கிளப்பிவிட்டது என்றார்.

அமெரிக்காவில் குட்ரீட்ஸ் என்ற வாசகர் தளம் இதையே தனி வியாபாரமாக்கியது. 2013இல் அமேசன் நிறுவனம் வாங்கிய தளம் அது. நூல்களைப் பரிசாகக் கொடுக்க எழுத்தாளரிடமும் பதிப்பாளரிடமும் முன்பு கட்டணம் எடுக்கவில்லை. 2018 ஜனவரி முதல் ஒரு பரிசு அறிவிப்புக்கு 119 டொலர், மேலதிக விளம்பரத்தோடு என்றால் 599 டொலர் என்று கட்டணம் வைத்தார்கள். புத்தகமும் நம்முடையது, கொடுக்கிற கையும் நம்முடையது, அதற்கு மேல் கட்டணம்! சின்ன எழுத்தாளர்கள் குறைபட்டார்கள். இருந்தும் பலர் கட்டினார்கள். ஏனென்றால் போட்டியில் சேருகிற ஒவ்வொருவரின் 'வாசிக்க விரும்புபவை' பட்டியலிலும் அந்த நூல் தானாகவே ஏறிவிடும். அவருடைய நண்பர்களும் அதைக் காண்பார்கள்.

ஐஸ்லாந்தின் கதை இன்னும் பழையது. மக்கள்தொகை 4 இலட்சத்துக்கும் குறைவான நாடு. யுத்த காலத்தில் இறக்குமதிப் பொருட்களுக்குக் கட்டுப்பாடு இருந்தபோது கடதாசிக்கு அவ்வளவு நெருக்கடி இருக்கவில்லை. ஆகவே நத்தார் பரிசாகப் புத்தகம் கொடுக்கும் பழக்கம் ஊன்றியது. 1944 முதல் அங்குள்ள பதிப்பாளர் சங்கம் அந்த வருடப் புதிய நூல்களின் பட்டியலை அச்சிட்டு வீடு வீடாக இலவசமாக அனுப்பத் தொடங்கியது. போட்டிக் கடைக்காரர்கள் எல்லோரும் ஒரே பட்டியலில் சேர்ந்து நிற்கிறார்கள். நமது கடைத்தெருக்களில் பக்கத்துக் கடைக்காரருக்குச் சில்லறை மாற்றிக் கொடுக்கவே யோசிக்கிறோம்.

இனி வாசகர்கள் கேட்கப்போகும் கேள்விக்கு வருகிறேன். இது சூதாகாதா?

நான் ஆலிமல்ல. ஆனாலும் வியாபாரி தெரிந்திருக்க வேண்டிய அளவுக்கு விசாரித்திருக்கிறேன். சூரா அல்மாயிதாவின் 90ஆம் வசனம் மதுவோடு சேர்த்துச் சூதையும் தடுக்கிறது. சூதில் கலந்துகொள்பவர் தன்னுடைய எதையாவது பணயம் வைக்கிறார். கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் வைத்தது போய்விடும். ஒரு சதமும் கொடுக்காமல், எதையும் வாங்காமல் பெயரைக் கொடுப்பவர் எதையும் இழப்பதில்லை. அது கொடுப்பவரின் அன்பளிப்பு, யாருக்கு என்பதைச் சீட்டு தீர்மானிக்கிறது, அவ்வளவுதான் என்பது நான் கேட்ட உலமாக்களின் விளக்கம். பொருள் வாங்கினால்தான் சீட்டு என்று வைக்கும்போது கருத்து இரண்டாகிறது. சிலர் அதையும் சூதின் வகையென்று தடுக்கிறார்கள். வேறு சிலர், பரிசுக்காக விலையைக் கூட்டியிருக்கக் கூடாது, வாங்குபவரும் பொருள் தேவைப்பட்டே வாங்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு அனுமதிக்கிறார்கள். 100 ரூபாக் கொப்பியை 110 ரூபாவாக்கி அந்த 10 ரூபாவில் மோட்டார் சைக்கிள் கொடுப்பவர் சீட்டு விற்கிறார், கொப்பி விற்கவில்லை. இந்த விடயத்தில் உங்கள் ஊர் உலமாக்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், பதாகை அச்சடித்த பிறகல்ல.

ஆச்சரியம் என்னவென்றால், மதத்தைக் கலக்காத நாடுகளின் சட்டமும் இதே இடத்தில்தான் கோடு போடுகிறது. அமெரிக்காவில் மூன்று விடயங்கள் சேர்ந்தால் அது லொத்தர்: பரிசு, அதிர்ஷ்டம், கலந்துகொள்பவர் கொடுக்கும் பெறுமதி. தனியார் லொத்தர் நடத்துவது குற்றம். எனவே மூன்றாவதை நீக்குவதற்காக 'எதையும் வாங்கத் தேவையில்லை' என்ற வாசகத்தை எல்லா நிறுவனங்களும் அச்சிடுகின்றன. இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் வழமையான விலைக்குப் பொருள் வாங்குவதைக் கட்டணமாகக் கருதுவதில்லை. பரிசுக்காக விலையைக் கூட்டினால் அது கட்டணம். மேலே சொன்ன இரண்டாவது சாராரின் நிபந்தனையை இதோடு வைத்துப் பாருங்கள். கனடாவில் இன்னொரு வேடிக்கை. அதிர்ஷ்டத்தால் மட்டும் பரிசு போகக்கூடாது என்ற சட்டத்துக்காக, வெற்றி பெற்றவரிடம் ஒரு கூட்டல் பெருக்கல் கணக்கைக் கொடுத்து, சரியாகச் செய்தால்தான் பரிசைக் கொடுப்பார்கள். நமது கடையிலும் அப்படி வைத்தால் சில வியாபாரிகளின் பிள்ளைகளுக்கே பரிசு கிடைக்காது.

நிபந்தனை எழுதுவதில் இங்கிலாந்து விளம்பர ஒழுங்குவிதிகள் நல்ல வழிகாட்டி. முடிவுத் திகதி தெளிவாக இருக்க வேண்டும். சரிபார்க்கக்கூடிய கணினி முறையில் வெற்றியாளரைத் தெரிவு செய்யாவிட்டால், நிறுவனத்தோடு சம்பந்தமில்லாத ஒருவர் சீட்டை எடுக்க வேண்டும், அல்லது அவரது மேற்பார்வையில் எடுக்க வேண்டும். பரிசை வழமையாக 30 நாட்களுக்குள் சேர்ப்பிக்க வேண்டும். எமது பகுதியில் சில வருடங்களுக்கு முன்னர் துணிக்கடையொன்று பெருநாளுக்கு மோட்டார் சைக்கிள் என்று பதாகை கட்டியது. பெருநாள் போய் ஹஜ்ஜுப் பெருநாளும் வந்தது. யாருக்குக் கிடைத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. கேட்டவர்களுக்குக் 'கொழும்பில் ஒருவருக்குப் போய்விட்டது' என்ற பதில்தான். பிறகு அதே வீதியில் வேறு எந்தக் கடை பரிசு அறிவித்தாலும் சனங்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். அவர் தன் பெயரை மட்டும் கெடுக்கவில்லை.

பெரிய நிறுவனங்களும் இதில் தடுமாறியிருக்கின்றன. 1992இல் இங்கிலாந்தில் ஹூவர் நிறுவனம் 100 பவுணுக்குப் பொருள் வாங்குவோருக்கு இரண்டு இலவச விமானச் சீட்டு என்று அறிவித்தது. முதலில் ஐரோப்பாவுக்கு, பிறகு அமெரிக்காவுக்கும். விமானச் சீட்டின் பெறுமதியே 100 பவுணைவிட அதிகம். சனங்கள் தேவையே இல்லாமல் தூசி உறிஞ்சும் இயந்திரத்தை வாங்கிக் குவித்தார்கள். கொடுத்த வாக்கை நிறைவேற்ற முடியாமல் வழக்குகளும் வந்து, ஏறத்தாழ 5 கோடி பவுண் செலவானது. நாளுக்கொரு நூல் என்ற முறையில் இந்த ஆபத்து இல்லை. எத்தனை பேர் வந்தாலும் கொடுப்பது 24 நூல்தான். செலவின் கூரை முதல் நாளே தெரியும்.

முகவரிகள் பற்றியும் ஒரு வார்த்தை. பதிப்பாளர் உண்மையில் வாங்குவது அதைத்தான். ஐரோப்பாவில் 2018 மே மாதம் முதல் தனிநபர் தரவுச் சட்டம் கடுமையானது. பரிசுக்காகக் கொடுத்த முகவரிக்கு, அவரது தனிச் சம்மதம் இல்லாமல் வாராவாரம் விளம்பரம் அனுப்ப முடியாது. எமது பாராளுமன்றமும் 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. வாடிக்கையாளர் ஒரு புத்தகத்துக்காகத் தந்த தொலைபேசி இலக்கத்தைக் காணி விற்பவருக்கும் காப்புறுதிக்காரருக்கும் கொடுப்பது சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமானிதத்தில் கைவைப்பதுதான். பரிசு அறிவித்தவுடன் அதே பெயரில் போலிப் பக்கங்கள் முளைப்பதும் உண்டு. 'உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, அனுப்பும் செலவை மட்டும் கட்டுங்கள்' என்று கேட்பார்கள். எனவே 'பரிசுக்காக நாங்கள் எந்தப் பணமும் கேட்பதில்லை' என்று முதல் அறிவிப்பிலேயே கொட்டை எழுத்தில் போட வேண்டும்.

நமது ஊர்களில் இதை எப்போது செய்வது? ரமழானில் 30 நாளும் செய்யலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கு அதில் விருப்பமில்லை. அது இபாதத்துக்குரிய மாதம், கடைசிப் பத்தில் சனங்கள் கடைக்கு வருவதும் துணிக்கும் செருப்புக்கும்தான், புத்தகத்துக்கல்ல. பாடசாலைத் தவணை தொடங்குவதற்கு முந்திய இரண்டு வாரங்கள் பொருத்தமானவை. தாய்மார் பிள்ளைகளோடு கொப்பி வாங்க வருகிற காலம். காலையில் கடை முகப்பில் ஒரு நூலை வைத்து, பக்கத்தில் ஒரு கேள்வியை எழுதிவிடலாம். விடையை அந்த நூலைப் புரட்டிப் பார்த்துத்தான் எழுத வேண்டும். அதற்காக ஒரு பிரதியைக் கயிற்றில் கட்டி வையுங்கள். அது நாலு நாளில் கசங்கும், கசங்கட்டும். கொப்பி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பிள்ளை சீட்டை எழுதிப் பெட்டியில் போடலாம். அஸருக்குப் பிறகு பாடசாலை ஆசிரியர் ஒருவரையோ பள்ளிவாசல் நிருவாகி ஒருவரையோ அழைத்து எல்லோர் முன்னிலையிலும் சீட்டை எடுக்கலாம். கடை ஊழியர்களும் முதலாளியின் வீட்டாரும் சேரக்கூடாது. பெயரும் ஊரும் பலகையில் எழுதினால் போதும், தொலைபேசி இலக்கம் வேண்டாம்.

நூலைத் தெரிவதில் ஒரு சபலம் வரும். ஐந்து வருடமாகத் தட்டில் தூங்கும் சரக்கைத் தள்ளிவிடலாமே என்று. மருமகன் கவனித்துச் சொன்னது, நல்ல பதிப்பாளர்கள் முதல் நாளிலும் கடைசி நாளிலும் அந்த வருடத்தின் சிறந்த நூலை வைக்கிறார்கள், பழையதை வைத்தாலும் நடுவில்தான் வைக்கிறார்கள். முதல் நாளே கரையான் தொட்ட நூலைக் கண்ட பிள்ளை இரண்டாம் நாள் வராது.

பரிசு விழுந்தும் எடுக்க வராதவர்கள் இருப்பார்கள். எத்தனை நாள் வைத்திருப்பது, அதன் பிறகு நூல் எங்கே போகும் என்பதை ஆரம்பத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். நான் 14 நாட்கள் என்று வைப்பேன். அதன் பிறகு பக்கத்துப் பாடசாலை நூலகத்துக்கு, அதிபரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடலாம். கையெழுத்திட்ட அந்தத் தாளின் பிரதியொன்றை முகப்பில் ஒட்டுவதற்கு மறக்க வேண்டாம்.